கோடியக்கரையில் வலசைப் பறவைகளைப் படமெடுக்க: எட்டுப் பேர் குழுவுக்கான முழு வழிகாட்டி

கோடியக்கரைக்குப் போய், தூரத்தில் வெள்ளைக் கோடாகத் தெரிந்த பூநாரைக் கூட்டத்தை மட்டும் படமெடுத்துத் திரும்பும் குழுக்கள் நிறைய. லென்ஸ் போதவில்லை என்று சொல்லிக்கொள்வார்கள். பெரும்பாலும் கெட்டுப்போவது வேறு இரண்டு இடங்களில்: சதுப்பில் தண்ணீர் எவ்வளவு நிற்கும் என்று பார்க்காமல் தேதி குறித்திருப்பார்கள், போய்ச் சேர்ந்ததும் வண்டியிலிருந்து எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கியிருப்பார்கள். இந்த இரண்டும் சரியாக இருந்தால் 400 மி.மீ. லென்ஸிலேயே நல்ல படங்கள் கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கேமராவைவிடத் தேதிக்கும் ஒழுங்குக்கும் அதிக இடம் கொடுத்திருக்கிறோம்.

இடத்தை முதலில் மனதில் வரைந்துகொள்ளுங்கள்

நாகப்பட்டினம் மாவட்டத்தில், வேதாரண்யத்திலிருந்து தெற்கே சுமார் 12 கி.மீ. தொலைவில் கோடியக்கரை இருக்கிறது. வங்கக் கடலோரமாகத் தெற்கே இறங்கிவரும் கரை, இங்கேதான் சட்டென்று மேற்கே திரும்பிப் பாக் நீரிணையைப் பார்க்கிறது. 1967இல் சரணாலயமானது, 2002இல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் சேர்ந்தது. மத்திய ஆசிய வலசைப் பாதையில் வரும் கரையோரப் பறவைகளுக்கு இது தமிழ்நாட்டின் மிக முக்கியமான தங்குமிடங்களில் ஒன்று. சைபீரியாவின் வடகோடியில் முட்டையிட்டுப் பொரிக்கும் வளைமூக்கு உள்ளானும், கைக்குள் அடங்கும் அளவே உள்ள கொசு உள்ளானும் குளிர்காலத்தை இங்கே கழிக்கின்றன.

படமெடுப்பவருக்கு இங்கே மூன்று தனித்தனி இடங்கள் உண்டு. வேதாரண்யத்திலிருந்து அகஸ்தியம்பள்ளி வழியாகக் கோடியக்கரைக்கு இறங்கும் சாலையின் மேற்கே உப்பளங்களும் பெரிய சதுப்பும் விரிகின்றன. பூநாரை, கூழைக்கடா, உள்ளான், உப்புக்கொத்தி, ஆலா, வாத்துகள் எல்லாம் இங்கே. தெற்கே வறண்ட பசுமைமாறாக் காடும் புல்வெளியும். வெளிமான், மட்டக்குதிரை, பூனைப்பருந்து ஆகியவற்றோடு, முனியப்பன் ஏரி போன்ற நன்னீர் இடங்களும் இந்தப் பக்கம்தான். மூன்றாவது கடற்கரை, மீன் இறங்கும் இடத்தைச் சுற்றிக் கடற்காகங்களும் ஆலாக்களும் திரியும்.

சாலைக்கு மேற்கே சதுப்பு என்பதை அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாள் முழுவதற்கான திட்டமும் அதிலிருந்துதான் வரும். காலையில் சாலைப் பக்கம் நின்று மேற்கே பார்த்தால் சூரியன் உங்கள் முதுகுக்குப் பின்னால் இருக்கும். மாலையில் அதே இடத்தில் நின்றால் சூரியன் நேர் எதிரே. நிழலுருவப் படம் வேண்டுமானால் எடுக்கலாம், இறகு விவரம் கிடைக்காது. ஆகவே காலை சதுப்புக்கு, மாலை கடற்கரைக்கும் புல்வெளிக்கும்.

தேதியைத் தண்ணீரிடம் கேளுங்கள்

எந்தப் பறவை எங்கே நிற்கும் என்பதைத் தீர்மானிப்பது அதன் கால் நீளம். கொசு உள்ளானுக்கு ஈரச் சேறும் அதன்மேல் ஓரிரு செ.மீ. தண்ணீரும் வேண்டும். கருவால் மூக்கன் அதைவிட ஆழத்தில் இரை தேடும். பூநாரை நம் முழங்கால் அளவுத் தண்ணீரிலும் சாவகாசமாக நடக்கும். சதுப்பு நிறைந்து கிடந்தால் சிறிய பறவைகளுக்கு நிற்க இடமில்லாமல் போய், அவை எங்கெங்கோ சிதறிவிடும். பூநாரைகளுக்கு எல்லா இடமும் ஒன்றுதான் என்பதால் சாலையை விட்டு உள்ளே போய்விடும். தண்ணீர் வடிய வடியச் சேற்றுத்திட்டுகள் வெளியே வரும், கூட்டம் ஒரே இடத்தில் குவியும். உங்களுக்கு வேண்டியது அந்த வடியும் காலம்.

ஆகஸ்ட் கடைசியிலேயே உள்ளான்கள் வரத் தொடங்கும். முதலில் வருகிற வளைமூக்கு உள்ளான்களில் சிலவற்றின் மார்பில் இனப்பெருக்கக் காலச் செங்கல் நிறம் இன்னும் மிச்சமிருக்கும். அதற்காகவே செப்டம்பரில் போகிறவர்கள் உண்டு. ஆனால் வெயில் கடுமையாக இருக்கும், பூநாரைகளை நம்ப முடியாது. செப்டம்பர் கடைசி, அக்டோபரில் காட்டுக்குள் ஆறுமணிக்குருவி, அரசவால் ஈப்பிடிப்பான், கொடிக்கால் வாலாட்டி போன்றவை வந்து இறங்கும்.

அக்டோபர் நடுவிலிருந்து டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. பறவைகள் இருக்கும், ஆனால் குழுப் பயணத்துக்கு இது நம்பக்கூடாத காலம். கஜா புயல் 2018 நவம்பர் 16 அதிகாலை நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையேதான் கரையைக் கடந்தது. புயல் இல்லாவிட்டாலும் வங்கக் கடலில் ஒரு காற்றழுத்தத் தாழ்வு உருவானாலே மூன்று நாள் மேகமூட்டமும் மண்சாலை மூடலும் நிச்சயம்.

முதல்முறை போகும் குழுவுக்கு ஜனவரி இரண்டாம் பாதியிலிருந்து பிப்ரவரி கடைசி வரை என்பதே எங்கள் தெளிவான பரிந்துரை. மழை ஓய்ந்து தண்ணீர் வடியும், வானம் தெளியும், வாத்துகளும் இன்னும் கிளம்பியிருக்காது. மார்ச்சில் பறவைகள் புது நிறம் ஏறி அழகாக இருக்கும். ஆனால் கானல் காலையிலேயே எழுந்துவிடும், எண்ணிக்கையும் குறையத் தொடங்கும்.

இந்த இரண்டு மாதங்களுக்குள் இரண்டு காலங்களைத் தவிருங்கள். பொங்கல் விடுமுறையில் சுற்றுலா வண்டிகள் நிறைந்துவிடும். தை அமாவாசைக்குக் கோடியக்கரைக் கடலில் நீராடப் பெருங்கூட்டம் வரும். அறையும் கிடைக்காது, சாலையில் நிறுத்தவும் முடியாது. தேதி குறிக்கும் முன் பஞ்சாங்கத்தையும் ஒருமுறை பாருங்கள். முடிந்தால் வியாழன் போய்ச் சனிக்கிழமை திரும்புவது மேல்.

பிறகு பறவை நோக்குவோர் தங்கள் பதிவுகளை ஏற்றும் ஈபேர்ட் (eBird) தளத்தில் கோடியக்கரைக்கான பட்டைவரைபடத்தைத் திறந்து, நீங்கள் தேர்ந்தெடுத்த வாரத்தில் எந்த இனங்கள் பதிவாகியிருக்கின்றன என்று பாருங்கள். அதிலிருந்து பதினைந்து பறவைகளைக் கொண்ட ஒரு பட்டியல் தயாரித்துக் குழுவில் பகிர்ந்தால், எல்லோருக்கும் எதிர்பார்ப்பு ஒரே மட்டத்தில் இருக்கும்.

எட்டுப் பேர், ஒரு வண்டி

எட்டு என்ற எண்ணிக்கைக்குக் காரணம் உண்டு. 12 இருக்கை டெம்போ டிராவலரில் எட்டுப் பேர் ஏறினால் ஆளுக்கொரு சன்னல் கிடைக்கும். மிச்ச இருக்கைகளில் கேமராப் பைகள் உட்காரும். வரப்பில் எட்டுப் பேர் ஒரே வரிசையில் அமர முடியும். பத்தைத் தாண்டினால் பின்னால் இருப்பவர் எழுந்து நிற்பார், முன்னால் இருப்பவர் நகர்வார், பறவை எழுந்துவிடும். பன்னிரண்டு பேர் ஆசைப்பட்டால் இரண்டு குழுவாகப் பிரிந்து வேறு வேறு வாரத்தில் போங்கள்.

நான்கு பொறுப்புகளை முன்கூட்டியே ஒப்படைத்துவிட வேண்டும். ஒருவர் ஒருங்கிணைப்பாளர், அனுமதி, அறை, வண்டி எல்லாம் அவர் கையில். ஒருவர் பணப்பொறுப்பு. ஒருவர் பறவைகளை அடையாளம் காண்பவர். அவர் இருநோக்கியோடு (பைனாகுலர்) வருவார், குறைவாகத்தான் படமெடுப்பார் என்பதை எல்லோரும் ஏற்க வேண்டும். நான்காமவர் களத்தலைவர். வண்டி எங்கே நிற்பது, யார் எப்போது இறங்குவது, எப்போது பின்வாங்குவது என்பதில் அவர் சொல்வதே முடிவு. இந்த நான்காவது பொறுப்பைப் பல குழுக்கள் விட்டுவிடுகின்றன. பறவைக்கு முன்னால் நின்று எட்டுப் பேர் விவாதிப்பது அதனால்தான்.

பணத்தைப் பற்றி முதல் நாளே எழுத்தில் பேசிவிடுங்கள். வண்டி வாடகை, டீசல், சுங்கம், ஓட்டுநர் பேட்டா, ஓட்டுநரின் அறை, உணவு ஆகியவை எட்டால் வகுபடும் பொதுச் செலவு. அறை, சாப்பாடு, கேமராக் கட்டணம் ஆளுக்கு ஆள். மொத்தத்தில் பத்து விழுக்காட்டை எதிர்பாராச் செலவுக்கென்று கூடுதலாகப் பிடித்து, மிஞ்சினால் திருப்பிக் கொடுங்கள். கடைசி நேரத்தில் ஒருவர் விலகினால் அவருடைய வண்டிப் பங்கு திரும்பாது, தனக்குப் பதில் ஆள் கொடுத்தால் மட்டும் திரும்பும் என்ற விதியை முன்பணம் வாங்கும் முன்பே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். பிறகு சொன்னால் நட்பு கெடும்.

அனுமதி, தங்குமிடம்

இது காட்டுயிர்ப் பாதுகாப்புச் சட்டம் 1972இன் கீழ் வரும் சரணாலயம். படமெடுப்பதற்காக உள்ளே போவதும் அந்தச் சட்டப்படி அனுமதி பெற வேண்டிய காரியம்தான். தனியாள் சுற்றுலாவாக வந்து நுழைவுக் கட்டணமும் கேமராக் கட்டணமும் கட்டிப் போவது ஒன்று. பெரிய லென்ஸ்களோடு எட்டுப் பேர் அதிகாலையில் வந்து நிற்பது வேறொன்று. ஆகவே 45 நாள் முன்பே நாகப்பட்டினத்தில் உள்ள வன உயிரினக் காப்பாளர் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதுங்கள். எல்லோருடைய பெயர், அடையாள அட்டை நகல், வண்டி எண், தேதிகள், போக விரும்பும் இடங்கள், விற்பனைக்காகவோ திரைப்படத்துக்காகவோ எடுக்கவில்லை என்ற உறுதி ஆகியவை அதில் இருக்கட்டும். வண்டி எண் பிறகுதான் தெரியும் என்றால் அப்படியே எழுதி, தெரிந்ததும் அனுப்புங்கள். பதில் கடிதத்தை இரண்டு நகல் எடுத்து, ஒன்றை ஓட்டுநரிடம் கொடுத்து வையுங்கள்.

உப்பளங்களில் பல பகுதிகள் நிறுவனங்கள், குத்தகைதாரர்கள் கையில் உள்ளவை. வனத்துறை அனுமதி அங்கே செல்லாது. வரப்பில் இறங்கும் முன் அங்குள்ள மேற்பார்வையாளரைப் பார்த்துக் கேளுங்கள். பாத்திகளில் ஜனவரிக்குப் பிறகு உப்பு எடுக்கும் வேலை தொடங்கிவிடும். தொழிலாளிகள் மிதித்துச் சமப்படுத்திய தரையில் நம் பூட்ஸ் பட்டால் அவர்களின் உழைப்பு வீணாகும். டிரோனை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள். அது சரணாலயத்தில் கூடாது என்பது ஒருபுறம். மேலே பறப்பதெல்லாம் பருந்து என்று எண்ணும் கூட்டம் மொத்தமாக எழுந்து போகும் என்பது மறுபுறம்.

கோடியக்கரையிலேயே வனத்துறையின் பூநாரை இல்லம் இருக்கிறது. அறைகள் குறைவு; கிடைத்தால் விடாதீர்கள், காலையில் அரை மணி நேரத் தூக்கம் மிச்சம். கிடைக்காவிட்டால் வேதாரண்யம் விடுதிகள். அங்கே அறை எடுக்கும்போது கேட்க வேண்டியவை: காலை 5 மணிக்கு வாசல் திறப்பார்களா, ஓட்டுநருக்குத் தனி அறை உண்டா, ஜெனரேட்டர் உண்டா.

கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு கோடியக்கரை வனச்சரக அலுவலகத்துக்குத் தொலைபேசியில் பேசுங்கள். எந்த மண்சாலை தண்ணீரில் மூடியிருக்கிறது, பூநாரைக் கூட்டம் இப்போது எந்தப் பக்கம் நிற்கிறது, உடன்வர ஒரு காவலரோ உள்ளூர் வழிகாட்டியோ கிடைப்பாரா என்ற மூன்றும் போதும். உள்ளூர் ஆள் கிடைத்தால் கட்டாயம் அழைத்துச் செல்லுங்கள். சதுப்பு ஆழமில்லாதது, பலத்த காற்று ஒரு பக்கமாக வீசினால் தண்ணீர் மொத்தமும் ஒதுங்கி, நேற்றுச் சேறாக இருந்த இடம் இன்று மூழ்கியிருக்கும். அதைத் தினமும் பார்ப்பவருக்குத்தான் தெரியும்.

போய்ச் சேருவது

சென்னையிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 350 கி.மீ.; இடைநிறுத்தங்களோடு எட்டு மணி நேரம் வையுங்கள். இரவு முழுக்க வண்டி ஓட்டி விடியற்காலையில் நேராகச் சதுப்பில் இறங்குவது என்ற திட்டம் வேண்டவே வேண்டாம். தூங்காத ஓட்டுநர் ஆபத்து. தூங்காத படப்பிடிப்பாளர் எரிச்சலோடு இருப்பார். நல்ல வழி: இரவு ரயிலில் திருவாரூர் வந்து, அங்கிருந்து திருத்துறைப்பூண்டி வழியாக வாடகை வண்டியில் சுமார் 65 கி.மீ. வண்டியை அங்கேயே பேசினால் ஓட்டுநருக்கு ஊர்ச் சாலை தெரிந்திருக்கும். திருத்துறைப்பூண்டி–அகஸ்தியம்பள்ளி அகலப் பாதை 2023 ஏப்ரலில் திறக்கப்பட்டாலும், எட்டுப் பேரின் கேமராச் சுமையோடு அதிகாலை ஓட்டங்களுக்குச் சொந்த வண்டி இல்லாமல் ஆகாது.

ஓட்டுநரிடம் முதல் நாளே மூன்று விஷயம் சொல்ல வேண்டும்: காலை 5.15க்குப் புறப்பாடு; பறவை அருகே நிறுத்தியதும் இன்ஜினை அணைக்க வேண்டும்; ஹாரனும் பாட்டும் கூடாது. இன்ஜின் ஓடினால் அந்த அதிர்வு சன்னலில் வைத்த லென்ஸுக்கு ஏறிவிடும்.

எதை எடுத்துச் செல்வது

லென்ஸ் 400 முதல் 600 மி.மீ. வரை இருந்தால் போதும். 150–600, 200–500, 100–400 போன்ற சூம் லென்ஸ்கள் இந்த இடத்துக்கு மிகவும் பொருத்தம். கூட்டம் எழும்போது பின்வாங்கி அகலமாக எடுக்க முடியும். குழுவில் யாராவது ஒருவரிடம் 70–200 இருந்தால் நிலக்காட்சியோடு சேர்ந்த படங்களும் கிடைக்கும்.

டிரைபாடைவிட இங்கே பீன்பேக் பயன்படும். காலிப் பையாகக் கொண்டுபோய், வேதாரண்யத்தில் இரண்டரை கிலோ அரிசி வாங்கி நிரப்புங்கள்; திரும்பும்போது அரிசியை விடுதிச் சமையலறையில் கொடுத்துவிடலாம். சன்னலிலும் வைக்கலாம், வரப்பில் படுத்தும் வைக்கலாம். டிரைபாட் கொண்டுபோனால் சேற்றில் கால் புதையும். ஒவ்வொரு காலுக்கும் கீழே வைக்க உள்ளங்கை அகலத் தகடு மூன்று வேண்டும்.

உப்புக்காற்று இந்தப் பயணத்தின் நிஜமான எதிரி. களத்தில் லென்ஸ் மாற்றாதீர்கள். அன்றன்று மாலை, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் கேமராவின் வெளிப்புறத்தையும் லென்ஸ் குழலையும் துடைத்து, பிறகு உலர் துணியால் துடையுங்கள். உலர் துணியால் முதலில் தேய்த்தால் உப்புப் படிகம் கண்ணாடியைக் கீறும்.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே எடுத்ததும் லென்ஸ் பனிபடர்ந்து அரை மணி நேரம் எதுவும் தெரியாமல் போவதும் வழக்கம். அந்த அரை மணி நேரம்தான் பொன்னான வெளிச்சம். இரவில் ஏ.சி.யை அணைத்துவிடுங்கள், அல்லது பையை ஏ.சி. இல்லாத அறையில் பூட்டி வையுங்கள்.

மெமரி கார்டுக்கு ஒரு கணக்கு: நொடிக்கு 20 படம் எடுக்கும் கேமராவில் இரண்டு நொடி அழுத்தினால் 40 படம், ஒரு ரா கோப்பு (சுருக்காத மூலப் படம்) 30 எம்.பி. என்றால் 1.2 ஜி.பி. ஒரு காலையில் ஐம்பது முறை அழுத்துவது சாதாரணம், 60 ஜி.பி. போய்விடும். ஆகவே நாளொன்றுக்கு 128 ஜி.பி., மூன்று பேட்டரி. எட்டுப் பேரின் சார்ஜர்களுக்கு அறையிலுள்ள இரண்டு பிளக் போதாது. ஆறு துளை எக்ஸ்டென்ஷன் பலகை இரண்டு கொண்டுபோங்கள்.

குடிநீர் ஓட்டுநரையும் சேர்த்து ஒன்பது பேருக்கு ஆளுக்கு 3 லிட்டர், ஆக 27 லிட்டர். தினமும் 20 லிட்டர் கேன் இரண்டு ஏற்றினால் கை கழுவவும் ஆகும். மற்றபடி மங்கலான பச்சை அல்லது காவி நிற உடை, முழுக்கை, தொப்பி, கொசு விரட்டி, ரப்பர் பூட்ஸ், படுக்க ஒரு தார்ப்பாய்த் துண்டு. வெள்ளைச் சட்டை வேண்டாம்.

களத்தில்

ஜனவரி நடுவில் இங்கே சூரியன் 6.30 வாக்கில் உதித்து மாலை 6.05 வாக்கில் மறையும். காலை 6.35 முதல் 9 மணி வரைதான் உண்மையான வேலை நேரம். 9.30க்கு மேல் உப்பளத்தின் மேல் கானல் அசையத் தொடங்கும். 100 மீட்டர் தாண்டிய எந்தப் பறவையும் கூர்மையாக விழாது. அப்போது ஆட்டோஃபோகஸைக் குறை சொல்லி அமைப்புகளை மாற்றிக்கொண்டிருப்பதில் பயனில்லை. கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள்.

காற்றையும் கவனியுங்கள். பறவைகள் காற்றை எதிர்த்துத்தான் எழும், காற்றை எதிர்த்துத்தான் இறங்கும். ஜனவரியில் பெரும்பாலும் வடகிழக்குக் காற்று. கிழக்கே சாலைப் பக்கம் நீங்கள் நின்றால் வெளிச்சம் முதுகுக்குப் பின்னால் இருக்கும், எழும் பறவையும் உங்கள் பக்கமாக முகம் காட்டி வரும். சரணாலயத்தில் இதைவிட நல்ல அமைப்பு அமைவது கடினம். தென்மேற்குக் காற்று வீசும் மாதங்களில் வந்தால் வால்தான் கிடைக்கும்.

அணுகும் முறை: கூட்டம் தெரிந்ததும் 200 மீட்டர் முன்னாலேயே வண்டியை நிறுத்தி இன்ஜினை அணையுங்கள். இரண்டு நிமிடம் யாரும் கதவைத் திறக்க வேண்டாம். களத்தலைவர் இருநோக்கியில் பார்ப்பார். பறவைகள் தலை கவிழ்ந்து மேய்ந்துகொண்டிருந்தால் சரி. பூநாரைகள் கழுத்தை நிமிர்த்தி ஒரே திசையில் நடக்கத் தொடங்கினால் ஏற்கெனவே நெருங்கிவிட்டோம் என்று பொருள். அடுத்து குரல், அதற்கடுத்து சிறகு. கழுத்து நிமிரும்போதே நின்றுவிட வேண்டும், குரல் எழுந்தால் பின்வாங்க வேண்டும். பூநாரைக்கு 150 மீட்டர், உள்ளான் கூட்டத்துக்கு 40–50 மீட்டர் என்று தொடங்கி, பறவை அனுமதித்தால் நெருங்கலாம்.

இறங்குவதானால் பறவைகள் இல்லாத பக்கக் கதவு வழியாக, ஒருவர் பின் ஒருவராக, குனிந்து. வரப்பு வந்ததும் உட்கார்ந்துவிடுங்கள். நடக்கும் மனித உருவம் பறவையை விரட்டும். அசையாமல் உட்கார்ந்த உருவத்தைச் சற்று நேரத்தில் மறந்துவிடும். இருபது நிமிடம் பொறுத்தால் உள்ளான்கள் தாமாகவே இரை தேடியபடி நெருங்கி வரும். குழுவில் ஒருவர்கூட இடையில் எழக் கூடாது.

பறக்கும் படம் வேண்டுமென்று கை தட்டுவது, கல் எறிவது, ஓடுவது எதையும் குழுவில் அனுமதிக்காதீர்கள். வடக்கே திரும்பிப் போக ஆயிரக்கணக்கான கி.மீ. பறக்க வேண்டிய பறவை, பிப்ரவரி, மார்ச்சில் அந்தப் பயணத்துக்கான கொழுப்பைச் சேர்த்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு முறை எழுப்பும்போதும் இரை தேடும் நேரமும் சேர்த்த சக்தியும் போகிறது. பொறுத்திருந்தால் சேற்றுப் பூனைப்பருந்தோ விராலடிப்பானோ மேலே வரும். கூட்டம் தானே எழும். அந்தப் படத்தில் உயிரும் இருக்கும்.

அமைப்புகள்: உதயத்தை ஒட்டி ஷட்டர் வேகம் 1/800 நொடி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200 வரை போகலாம். 7.30க்கு மேல் பறக்கும் பறவைக்கு 1/2000, எஃப் (லென்ஸ் துளை அளவு) 7.1, ஐ.எஸ்.ஓ. 400–800. பூநாரைக்கு, அளவுகளை நாமே வைக்கும் மேனுவல் முறையையே பரிந்துரைக்கிறோம். பறவை இருண்ட தண்ணீருக்கு மேலிருந்து வெளிறிய வானத்துக்கு ஏறும்போது பின்னணி மாறுகிறது, பறவைமேல் விழும் வெளிச்சம் மாறுவதில்லை. தானியங்கி அளவீடு பின்னணியைப் பார்த்து ஏமாறும். மேனுவல் பழகாதவர்கள் எக்ஸ்போஷர் ஈட்டை இருண்ட தண்ணீர்ப் பின்னணிக்கு −0.7, வானத்துக்கு +0.7 வைத்து, முதல் சில படங்களின் ஹிஸ்டோகிராமை (வெளிச்சப் பரவல் வரைபடம்) பாருங்கள். வலது விளிம்பை முட்டினால் வெள்ளை இறகில் விவரம் போய்விட்டது. உள்ளான்களுக்கு எஃப் 8 வைத்து, கூட்டத்தில் முன்னால் நிற்பதன் கண்ணில் குவியுங்கள். லென்ஸ் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்தில் இருந்தால் பின்னணி கரைந்துவிடும்.

மூன்று நாள் வரிசை

முதல் நாள்: நண்பகலுக்குள் அறை. 3.30க்குக் கடற்கரை; கிழக்கே பார்த்து, சூரியனை முதுகில் வைத்துக் கடற்காகங்களும் காஸ்பியன் ஆலாவும். பறக்கும் படத்துக்குக் கைப்பழக்கம் இங்கே வரட்டும், ஏனென்றால் கடற்காகம் மனிதர்களுக்குப் பழகியது. இரவு 8 மணிக்கு மறுநாள் விதிகளைச் சொல்லிவிட்டுத் தூங்கிவிடுங்கள்.

இரண்டாம் நாள்: 5.15 புறப்பாடு, முதல் நாள் இரவே சொல்லிவைத்த இட்லிப் பொட்டலங்களோடு. 6.15க்கு முன் சதுப்பில். 9.30க்குச் சாப்பாடு. காட்டுப் பகுதியில் பொட்டலத்தை வெளியே எடுக்காதீர்கள், குரங்குகள் கேமராப் பையோடு சேர்த்து இழுக்கும். 10 மணிக்கு அறைக்குத் திரும்பிவிட வேண்டும். உப்பளத்தில் கழிப்பறையும் கிடையாது, மறைவும் கிடையாது. குழுவில் பெண்கள் இருந்தால் இந்தத் திரும்பும் நேரத்தை முன்கூட்டியே உறுதியாகச் சொல்லிவிடுங்கள். நண்பகலில் கார்டுகளை இரண்டு வட்டுகளில் நகலெடுத்து, அந்த இரண்டையும் வெவ்வேறு பைகளில் வையுங்கள். நகல் முடியும் வரை கார்டை அழிக்கக் கூடாது. மாலை 3.30க்கு முனியப்பன் ஏரியும் புல்வெளியும். அந்தி நெருங்கும்போது பூனைப்பருந்துகள் தாழப் பறக்கும்.

மூன்றாம் நாள்: காலை மறுபடியும் சதுப்பு. முந்தைய நாள் கிடைத்த வெளிச்சமும் இடமும் தெரிந்துவிட்டதால் பெரும்பாலோருக்கு நல்ல படங்கள் இன்றுதான் கிடைக்கும். இதைத் திட்டத்திலிருந்து வெட்டாதீர்கள். 11 மணிக்கு அறையைக் காலி செய்து, திருத்துறைப்பூண்டி வழியாக உதயமார்த்தாண்டபுரம். 2022இல் ராம்சார் பட்டியலில் சேர்ந்த இந்த ஏரிக்கு மேட்டூர் தண்ணீர் வருகிறது. கருவேல மரங்களில் நத்தைகுத்தி நாரை, அரிவாள் மூக்கன், வக்கா எல்லாம் கூடும். மாலை 4 மணிக்கு மேல் திரும்பிவரும் கூட்டம் பார்க்கத் தக்கது. கூடுள்ள மரத்தை நெருங்காதீர்கள். பெற்றோர் எழுந்தால் வெயிலிலும் காகத்திடமும் குஞ்சு மாட்டும். அங்கிருந்து திருவாரூர் வந்து இரவு ரயில்.

கெட்டுப்போகும் இடங்கள்

மழை பெய்த மறுநாள் வரப்புச் சாலையில் வண்டியை இறக்கினால் களிமண்ணில் சக்கரம் புதையும். ஒரு காலை முழுவதும் அதிலேயே போகும். தார்ச்சாலையிலேயே நின்று எடுங்கள், இழுவைக் கயிறு ஒன்று வண்டியில் இருக்கட்டும். மேகமூட்டமாக இருந்தால் சோர்ந்துவிட வேண்டாம்; கானல் எழாது, 11 மணி வரை எடுக்கலாம், வெள்ளை இறகுகளும் வெளிறாது. யாருக்காவது காய்ச்சலோ காயமோ என்றால் வேதாரண்யம் அரசு மருத்துவமனைக்கு எந்நேரமும் வண்டி தயாராக இருக்க வேண்டும். அதற்காகவே ஒரே வண்டியில் போகும் குழு ஓட்டுநரை வேறு வேலைக்கு அனுப்பக் கூடாது.

ஆறுமணிக்குருவிக்காகப் பதிவுசெய்த குரலை ஒலிக்கச் செய்பவர் குழுவில் இருந்தால் முதல் முறையே நிறுத்துங்கள். கூடுகள், ஆந்தை தங்குமிடங்கள் ஆகியவற்றின் இருப்பிடக் குறியீட்டைப் படத்தோடு வெளியிடாதீர்கள். கைபேசிப் படங்களில் அது தானாகவே பதிந்திருக்கும், நீக்கிவிட்டுப் போடுங்கள்.

திரும்பிய வாரம்

ஒவ்வொருவரும் தங்கள் படங்களில் இருபதைத் தேர்ந்து பொது ஆல்பத்தில் போட, அடையாளப் பொறுப்பாளர் பெயர்களைச் சரிபார்க்கட்டும். உள்ளான்களிலும் உப்புக்கொத்திகளிலும் தவறு அதிகம் வரும். அலகின் நீளம், வளைவு, கால் நிறம் மூன்றையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பட்டியலை இடவாரியாகப் பிரித்து, எண்ணிக்கையோடு ஈபேர்டில் ஏற்றுங்கள். மூன்று நாளையும் ஒரே பட்டியலாக ஏற்றினால் ஆய்வாளருக்குப் பயனில்லை.

கால்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாகக் கோடியக்கரையில் பறவைகளுக்கு வளையம் இட்டு வருகிறது. ஏதாவது ஒரு பறவையின் காலில் உலோக வளையமோ நிறக் கொடியோ தெரிந்தால், எந்தக் கால், மேலா கீழா, என்ன நிறம், என்ன எழுத்து என்பதைக் குறித்து, வெட்டாத மூலப் படத்தோடும் தேதி, இடத்தோடும் அந்தக் கழகத்துக்கு அனுப்புங்கள். எழுத்து பாதிதான் தெரிகிறது என்றாலும் அனுப்பலாம்; அதே பறவையை வேறொருவர் எடுத்த படத்தில் மீதிப் பாதி இருக்கக்கூடும்.